பேர் இல்லாதவர்களை எண்ணிய மிஸ்

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதன் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் றப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திதான். கத்திக்குப் பழகிய கையில் பேனா நிற்பதில்லை. சின்ன லகரம் எங்கே வரும், பெரிய ளகரம் எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பிழை இருந்தால் வாசிப்பவர்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் எழுதப் போவது ஒரு பெண்ணைப் பற்றி. அவருடைய பேர் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குக் கெடுதலா, எங்களுக்குக் கெடுதலா என்று தெரியாது. நிச்சயம் தெரியாத இடத்தில் பேர் சொல்லக்கூடாது என்று சண்டைக் காலம் எங்களைப் பழக்கிவிட்டது. நாங்கள் எல்லாரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம்.

எங்கள் தோட்டம் பெல்மதுளையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது. மேலே கொஞ்சம் தேயிலை, கீழே றப்பர், அதற்கும் கீழே ஆறு. ஆற்றோரம் முழுவதும் மாணிக்கக்கல் தேடித் தோண்டிவிட்டு மூடாமல் போன குழிகள். ஒரு வருஷம் ஆறு பெருகி, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கீழ் லயத்துக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வயிற்றோட்டம் பரவியது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு தோட்டத்திலும் சில ஆட்களைப் பிடித்துப் பழக்க வேண்டும் என்று சுகாதாரப் பகுதியில் முடிவு செய்தார்கள். வெள்ளம் வருமுன் என்ன செய்வது, மண் சரிந்தால் எப்படி ஆட்களை மேலே ஏற்றுவது, ஒரு வீட்டில் தொடங்கிய நோய் லயம் முழுவதும் பரவுமுன் எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் மிஸ்.

என்னைப் பிடித்துக்கொடுத்தவர் பெரிய கங்காணி. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வைத்து, "நீ போ" என்றார். யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். என்னோடு வந்த இன்னொருவர் பாக்கியக்கா. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற ஆயா. அவருடைய வாய்க்குத் துரையே ஒதுங்கிப் போவார்.

"இவன் வாயத் தொறக்கவே நல்ல நாள் பாக்கணும். இவன அனுப்புறீங்களே கங்காணி! வீடு வீடாப் போயி காச்சல் இருக்கான்னு இவன் எங்க கேக்க, காச்சலே வந்து இவன்கிட்ட சொன்னாத்தான் உண்டு" என்றார்.

முதல் நாள் வகுப்பு பிள்ளைக் காம்பராவில். மிஸ் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சிங்களப் பெண், குட்டையான உருவம், கம்பி ஒடிந்த ஒரு குடை. எங்களைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. நேரே தண்ணீர் வாளியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இது கொதிச்ச தண்ணியா?" சுத்தமான தமிழில் கேட்டார்.

"ஆமாங்க மிஸ். காலையில கொதிக்க வெச்சதுதான்" என்றார் பாக்கியக்கா.

"சரி, காட்டுங்க."

"என்னத்தங்க காட்ட?"

"அடுப்பை."

அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. அதன் நடுவில் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"அது இப்பத்தாங்க வந்து படுத்துச்சு" என்றார் பாக்கியக்கா.

"போரு" என்றார் மிஸ். சிங்களத்தில் பொய் என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் காசை மேசையில் தட்டிப் பார்த்து, செல்லாது என்று திருப்பித் தருவதுபோல் சொன்னார்.

அவருடைய வகுப்பே அந்த மாதிரித்தான். நோய் வந்த வீட்டில் முதலில் வருவது பொய் என்பார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுவார்களோ என்று பொய், வேலைக்குப் பேர் போடமாட்டார்களோ என்று பொய், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒதுக்குவார்களோ என்று பொய். அதனால் எங்களுக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கப் பழக்கினார். அவர் நடுவில் உட்கார்ந்து, காய்ச்சல் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கும் தாயாக ஆகிவிடுவார். நாங்கள் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்க வேண்டும். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொல்வார், அழுவார், எங்களைத் திட்டுவார். நாங்கள் நம்பிவிட்டால் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "பிள்ளை செத்துப் போச்சு. வீட்டுக்குப் போங்க" என்பார்.

வீடுகளுக்குப் போகும்போது ஆட்களின் முகத்தை அவர் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகள், பிறகு கொடியில் காயும் துணிகள், பிறகு பீலியிலிருந்து பிடித்து வைத்த தண்ணீர்க் குடம். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார். இடையில் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார். யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அதில் எங்கள் பெண்களுக்கு நிறையக் கோபம். "நம்ம கையால குடிச்சா கொறஞ்சு போயிருவாளோ" என்பார்கள்.

அவருக்கு இவ்வளவு தமிழ் எப்படி வந்தது என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. இந்தப் பக்கத்தில் நாங்கள்தான் சிங்களம் பேசுவோம். அவர்கள் தமிழ் பேசுவது அபூர்வம். பாக்கியக்கா கேட்டதற்குச் சின்ன வயதில் தன்னை வளர்த்த ஆயா தமிழ் என்றாராம். கங்காணி கேட்டதற்குத் தமிழ்ப் படப் பாட்டுக் கேட்டுப் படித்தேன் என்றாராம். இன்னொருவரிடம் வேறொன்று. ஒரு கேள்விக்கு மூன்று பதில் வைத்திருக்கிறவரை எப்படி நம்புவது? புருஷன் பொலிஸில் இருக்கிறான் என்றார்கள். இவரே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்றார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தமிழ் தெரிந்த சிங்களப் பெண் வீடு வீடாக வந்து, எத்தனை பேர், எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டால் எங்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்.

மழைக்கு முன்னால் ஒரு நாள் வெள்ள ஒத்திகை வைத்தார். தொழிற்சாலை ஸ்டோரில் சங்கு ஊதியதும் கீழ் லயத்துக்காரர்கள் எல்லாரும் கோயிலடிக்கு ஏறிவர வேண்டும். சனம் சிரித்துப் பேசிக்கொண்டு, தலையில் பெட்டியும் இடுப்பில் பிள்ளையுமாக ஏறி வந்தது. கங்காணி பெரட்டில் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். எல்லாரும் இருந்தார்கள்.

"ஒருத்தரும் பாக்கியில்ல" என்று மிஸ்ஸிடம் சொல்லத் திரும்பினார். மிஸ்ஸைக் காணவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைத் தேட அனுப்பினார்கள். கீழ் லயத்தில் கடைசிக்கு முந்தின காம்பராவில் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன். வேலையிலிருந்து நின்று, கால் விழுந்து கிடக்கும் கிழவர் ஒருவர் பாயில் படுத்திருந்தார். பக்கத்தில் தரையில் மிஸ் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் செத்துட்டோம்" என்றார் மிஸ்.

"நான் எப்பவோ செத்தாச்சுப்பா. இந்த நோனாதான் இன்னைக்குப் புதுசு" என்று கிழவர் பல்லில்லாத வாயால் சிரித்தார்.

கோயிலடியில் மிஸ் சிரிக்கவில்லை. "இவரை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார்.

"அவருக்குப் பேர் இல்லையே மிஸ்" என்றார் கங்காணி. தோட்டத்துச் செக்ரோலில் வேலைக்காரராகப் பதிந்த ஆட்களைத்தான் பேர் உள்ளவர்கள் என்போம். பேர் கூப்பிடுவதென்றால் எங்களுக்கு அதுதான். வேலையிலிருந்து நின்றவர்கள், கைப்பிள்ளைகள், கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருப்பவர்கள், கல்லுக்குழிக்குப் போகிறவர்கள், இவர்கள் யாரையும் கங்காணி கூப்பிடவில்லை. அது தப்பு என்று எங்களுக்கும் தோன்றவில்லை. தலைமுறையாக அப்படித்தான் எண்ணிப் பழகியிருந்தோம்.

"பேர் இல்லாதவங்களை வெள்ளம் விட்டுட்டுப் போகுமா?" என்று கேட்டார் மிஸ்.

அதற்குப் பிறகு எண்ணுவதற்கு அவர் ஒரு வழி பழக்கினார். பெரட்டுக்களத்தில் சுண்ணாம்பால் லயங்களைக் கோடு போட்டு வரைய வேண்டும். ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் அங்கே படுக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கல். விருந்தாளிக்கும் கல், பிறந்த பிள்ளைக்கும் கல். நடக்க முடியாதவர்களின் கல்லின் மேல் ஓர் இலை. பெண்களுக்கு அது விளையாட்டுப் போல இருந்தது. களம் நிறையக் கல் வைத்தோம். மிஸ் குடையை ஊன்றிக்கொண்டு கோடுகளுக்கு நடுவே நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அந்த மாதமே ஒரு விடியற்காலையில் பொலிஸ் ஜீப் வந்தது. வேறெங்கும் நிற்காமல் நேரே கீழ் லயத்துக்குப் போனார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த பாக்கியக்காவின் அக்கா மகனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பல வாரம் கழித்து விட்டார்கள். திரும்பி வந்தவன் யாரிடமும் பேசவில்லை. சத்தமாகக் கதவு சாத்தினால் எழுந்து நிற்பான்.

அவனுக்கும் களத்தில் ஒரு கல் வைத்திருந்தோம்.

அடுத்த வகுப்பில் பாக்கியக்கா எழுந்து நின்றே கேட்டுவிட்டார். "மிஸ், எங்க பையன நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மிஸ் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"பிறகு ஏன் கேக்குறீங்க?"

அவ்வளவுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த தடவை கோடு போட்டபோது களத்தில் பாதிக் கல்தான் இருந்தது. மிஸ் சுற்றிப் பார்த்தார். "இந்தத் தோட்டத்துல இத்தனை பேர் செத்துட்டாங்களா?" என்றார்.

இந்த நிலையில்தான் என் மனைவி பார்வதியின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சிறு வயதில், கலவரத்துக்குப் பிறகு, சித்தப்பா குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவன். அடையாள அட்டை இல்லை. பிறந்த இடத்தில் பிறப்புப் பத்திரம் எடுத்தால் அட்டை எடுக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, லொறிகளில் ஒளிந்து வந்திருந்தான். வவுனியாவுக்கு அப்பால் சண்டை நடக்கும் பக்கமிருந்து வந்தவன், கையில் அட்டையும் இல்லை. பிடித்தால் பாக்கியக்காவின் பையனுக்கு நடந்ததோடு நிற்காது. உள்ளேயே வைத்திருந்தோம்.

வந்து கொஞ்ச நாளில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் பல் கிடுகிடுக்க நடுங்குவான். மறுநாள் ஒன்றும் இல்லாதவன்போல் எழுந்து சோறு கேட்பான். அதற்கடுத்த நாள் மறுபடியும் நடுக்கம். எங்களிடம் இருந்த கம்பளிகள் எல்லாவற்றையும் போட்டும் அடங்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. இதை மிஸ் நடித்தே காட்டியிருந்தார். வடக்கிலிருந்து வந்த ஆள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம் என்றால் மலேரியா. மழை இல்லாமல் ஆறு குட்டை குட்டையாகத் தேங்கிவிட்டால், அந்த ஒரு ஆளைக் கடித்த நுளம்பு தோட்டம் முழுவதுக்கும் நோயைக் கொண்டு போகும். அந்த வருஷம் மழை இல்லை. ஆற்றிலும் கல்லுக்குழிகளிலும் தண்ணீர் தேங்கிப் பச்சையாக நின்றது. பக்கத்துக் காம்பராவில் கைப்பிள்ளை இருந்தது.

"மிஸ்கிட்ட சொல்லணும் புள்ள" என்றேன்.

"சொல்லுங்க. சொல்லிட்டு, பொலிஸ் ஜீப்புக்கும் நீங்களே வழி காட்டுங்க" என்றாள் பார்வதி.

"காச்சல் முத்துனா செத்துப் போவான்."

"காச்சல்ல செத்தா நான் கிட்ட இருப்பேன். அவங்க கொண்டு போனா எங்க செத்தான்னுகூடத் தெரியாது."

நான் உள்ளே போய் அவன் மேல் நழுவிக் கிடந்த கம்பளியை இழுத்துவிட்டேன்.

அந்த வார வகுப்பில் மிஸ் என்னைப் பார்த்து, "இன்னைக்கு நீங்க பொய் சொல்ற ஆள்" என்று நடுவில் உட்கார வைத்தார்.

"ஐயோ மிஸ், இவன் பொய் சொன்னா காது செவந்துரும்" என்றார் பாக்கியக்கா. கேள்வி கேட்பதும் அவர்தான்.

"வீட்டுல யாருக்கும் காச்சலா தம்பி?"

"இல்லைங்கக்கா."

"ராத்திரி மொனகுற சத்தம் கேட்டுச்சே?"

"ஆட்டுக்குட்டி. பள்ளத்துல விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு."

"எங்க ஆடு?"

"மச்சான் வீட்டுக்குக் குடுத்தாச்சு. இங்க பாக்க ஆள் இல்ல."

"கொடியில எதுக்கு இத்தன கம்பளி?"

"மூட்டப்பூச்சிக்கா. நேத்து பூராவும் தூங்க முடியல."

எல்லாரும் கை தட்டினார்கள். "அடப்பாவி, இத்தனை நாளா இத எங்க வெச்சிருந்த!" என்று பாக்கியக்கா என் முதுகில் அடித்தார். மிஸ் கை தட்டவில்லை. வகுப்பை அதோடு முடித்தார். நான் வீட்டுக்கு நடக்கும்போது பின்னாலேயே குடை ஊன்றும் சத்தம் கேட்டது.

"உங்க வீட்டுல ஆடு இருக்கா?"

"இல்லைங்க மிஸ்."

"மூட்டைப்பூச்சி?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"உங்களுக்குப் பொய் இவ்வளவு வேகமா வராது. இது முன்னாலேயே யோசிச்சு வெச்சிருந்த பொய்" என்றார்.

பார்வதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "உள்ள யாரும் இல்லைங்க மிஸ்."

மிஸ் அவளைப் பார்த்தார். வழக்கம்போல் போரு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வாசல் திண்ணை இஸ்தோப்பின் படியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். ஊசி, பஞ்சு, சின்னக் கண்ணாடித் துண்டு எல்லாம் எடுத்து வைத்தார்.

"நான் உள்ள வரல. முகமும் வேணாம். கையை மட்டும் வெளியே நீட்டச் சொல்லுங்க."

பார்வதி திரும்பி உள்ளே ஏதோ சொன்னாள். பிறகு உள்ளே பாய் அசையும் சத்தம். கதவிடுக்கில் மெலிந்த கை ஒன்று வந்தது. மிஸ் அந்த விரலைப் பிடித்துக் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடியில் தடவினார். கையை உடனே விட்டுவிடவில்லை. சூடு பார்ப்பதுபோல் கொஞ்சம் பிடித்திருந்தார்.

"பேர்?"

பார்வதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "காய்ச்சல் உங்களுக்குத்தான். சரியா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என் பேரை எழுதினார்.

அது மலேரியாதான். மறுநாளே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் நோயாளி. கங்காணி லீவு கொடுத்தார். சுவர்களுக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்தார்கள். லயத்தில் எல்லாருடைய விரலிலும் குத்தி இரத்தம் எடுத்தார்கள். நான் உச்சி வெயிலில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தேன். உண்மையான நோயாளி றப்பர் காட்டுக்குள், பாறைக்குப் பின்னால் படுத்திருந்தான். பார்க்க வந்த பாக்கியக்கா என் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, குளிர் காச்சல்னா நடுங்கணும். இப்பிடி ஊத்து ஊத்துன்னு வேர்க்கக் கூடாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரா இருந்தாலும் வெரசா அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மிஸ் தினமும் வந்தார். அன்றைய மாத்திரையை மட்டும் கொண்டுவருவார். மொத்தமாகக் கொடுத்தால் நடுக்கம் நின்றதும் நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் வேறு யாருக்காவது கொடுப்பார்கள் என்பது அவர் எண்ணம். முதல் நாள் கதவிடுக்கில் நீண்ட கையில் மாத்திரை வைத்தார். அடுத்த நாள், "முழுங்கினதை நான் பார்க்கணும். வாயைக் காட்டணும்" என்றார்.

அவர் போன பிறகு பார்வதி கொதித்தாள். "மொதல்ல கையி. இப்ப வாயி. நாளைக்கு மூஞ்சி. நாளான்னைக்கு ஆளு. வெளங்குதா உங்களுக்கு? இந்த மாத்திரையக் காட்டியே அவன இங்க கட்டிப் போட்டு வெச்சிருக்கா."

"அவங்கதானே புள்ள எம் பேர எழுதுனாங்க?"

"எழுதுனா? நாளைக்கு ஒண்ணுன்னா உள்ள போறது யாரு? நீங்களும்தான்."

அதை நான் யோசித்திருக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போனது.

ஆனாலும் தம்பி வாயைக் காட்டினான். நடுக்கம் நின்று, முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. மிஸ் டார்ச் அடித்து நாக்குக்கு அடியிலும் பார்த்தார். ஒரு நாள் டார்ச்சை அணைத்துவிட்டு, "எந்தப் பக்கம் இருந்து?" என்று கேட்டார்.

அவன் எங்களைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "வவுனியாவுக்கு அந்தப் பக்கங்க" என்றான்.

"அங்க ஆஸ்பத்திரிக்கு முன்னால பெரிய மரம் ஒண்ணு இருந்துச்சு. நோயாளிகளோட வந்தவங்க எல்லாம் அதுக்குக் கீழதான் சமைப்பாங்க. இன்னும் இருக்கா?"

"இருக்குங்க."

"அனே" என்றார் மிஸ், சிங்களத்தில் ஐயோ பாவம் என்பதுபோல். வேறு ஒன்றும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் படி இறங்கினாரோ இல்லையோ, தம்பி எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, இந்த அம்மா அங்க இருந்திருக்கு. அங்க எதுக்கு இருந்துச்சு? அந்த மரம் எப்பிடித் தெரியும்? எங்கிட்ட எதையோ புடுங்கப் பாக்குது" என்றான்.

மறுநாள் விடியுமுன் நான் பால் வெட்டப் போய்விட்டேன். மலேரியாக்காரன் எழுந்து நடமாடலாம் என்று அதற்குள் உத்தரவு கிடைத்திருந்தது. திரும்பி வரும்போது அவன் இல்லை. காய்கறி லொறி ஒன்றில் பேசி ஏற்றிவிட்டதாகப் பார்வதி சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மிஸ் வந்துவிட்டார்.

"அவரைக் கூப்பிடுங்க."

"இங்க யாரும் இருக்கலையே மிஸ்" என்றாள் பார்வதி.

மிஸ் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. போரு என்று சொல்லவில்லை. அவருடைய முகம் கோபத்தில் இருந்ததா, பயத்தில் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்து பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். அவனுக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருந்த மாத்திரைகள் முழுவதும் அதில் இருந்தன.

"இது முடியலைன்னா காய்ச்சல் திரும்ப வரும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "மொத்தமா குடுத்திருக்கலாம். நான் குடுக்கல." கொஞ்ச நேரம் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்திருந்தார். "யாராவது அந்தப் பக்கம் போனா குடுத்து அனுப்புங்க" என்று பார்வதியிடம் நீட்டினார்.

பார்வதி கையை நீட்டவில்லை. மிஸ் அதைப் படியில் வைத்துவிட்டுப் போனார். நான் எடுக்கக் குனிந்தேன். "தொடாதீங்க" என்றாள் பார்வதி. சாயங்காலம் அதைத் துடைப்பத்தால் தள்ளி, அழுக்குத் தண்ணீர் ஓடும் கானில் போட்டாள்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. எங்கள் காம்பராவையும் சோதித்தார்கள். பக்கத்துக் காம்பராவையும் சோதித்தார்கள். மேல் லயத்துக்கும் போனார்கள். அந்த மாதம் சுற்றுவட்டாரத்தில் எல்லாத் தோட்டங்களுக்கும் அப்படி வந்தார்கள். அதனால் அது எங்களைத் தேடி வந்ததா, எல்லாரையும் தேடி வந்ததா என்று சொல்ல முடியாது. பார்வதிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. "பாத்தீங்களா?" என்றாள்.

மிஸ் பிறகு வரவில்லை. மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அவருக்குப் பதிலாக ஓர் இளம் ஐயா வந்தார். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். "நல்லா இருக்கோங்க" என்போம். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போவார். எல்லாருக்கும் அவரைப் பிடித்தது. தோட்டத்தில் அந்த வருஷம் வேறு யாருக்கும் மலேரியா வரவில்லை.

தம்பியிடமிருந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு பாதை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடியும் மூடினார்கள். இந்த வருஷம் சண்டை முடிந்தது. முகாம்களில் இருப்பவர்களிடம் ஆள் வைத்துக் கேட்டோம். பார்வதியே ஒரு தடவை வவுனியாவுக்குப் போய் வந்தாள். அவனைப் பார்த்தவர்கள் இல்லை. காய்ச்சலில் போனானா, சண்டையில் போனானா, எங்காவது இருக்கிறானா, ஒன்றும் தெரியாது.

சாப்பிடும்போது பார்வதி திடீரென்று கையை நிறுத்திவிட்டுச் சொல்வாள். "நான் அன்னைக்கு அனுப்பலன்னா அந்தப் பொம்பள அவனப் புடிச்சிக் குடுத்திருப்பா. இல்லையாங்க?"

"ஆமா புள்ள" என்பேன். அவள் மறுபடியும் சாப்பிடுவாள்.

மிஸ் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எம்பிலிப்பிட்டியப் பக்கம் மகளோடு இருக்கிறாராம். பெல்மதுளைச் சந்தியில் ஒருவர் சொன்னார், வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் அடையாளமும் சொன்னார். அங்கே போகும் பஸ் நான் நிற்கும் இடத்திலேயே நின்று ஆள் ஏற்றுகிறது. போய் நேரே கேட்டால் அவர் எதையாவது சொல்வார். அவர் சொல்வதில் எது உண்மை என்று கண்டுபிடிக்கவும் எனக்கு இப்போது தெரியும். அவர் எங்களைக் காட்டிக்கொடுத்தவர் இல்லை என்று தெரிந்துவிட்டால், வீட்டுக்கு வந்து பார்வதியின் முகத்தைப் பார்த்து "ஆமா புள்ள" என்று சொல்ல எனக்கு வராது.

அதனால் நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

2009 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை.